குளத்தை உழுத கப்பல்

செத்தவீட்டில் சுண்ணம் இடித்து முடிந்தது. விமலேஸ்வரி குனிந்து, பெட்டிக்குள் கிடந்த புருசனின் வாயருகே அரிசியைக் கொண்டுபோன நேரம் பார்த்து, கனகலிங்கம் படலையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

"பொறுங்கோ! பெட்டியை மூடாதேங்கோ!"

பறை நின்றது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாதிச் சொல்லில் நிறுத்தினார்கள். மனிசனுக்கு மூச்சு வந்துவிட்டதோ என்றுகூட விமலேஸ்வரிக்கு ஒரு கணம் தோன்றியது. அப்புத்துரை அப்படிச் செய்யக்கூடிய ஆள்தான். உயிரோடு இருந்த காலம் முழுக்க ஊர் சொன்னதைக் கேட்காதவர், செத்த பிறகு மட்டும் கேட்டுவிடுவாரா?

கனகலிங்கம் பெட்டியைப் பார்க்கவில்லை. ஊர் மரண உதவிச் சங்கத்தின் தலைவர் அவர். இடுப்பு வரைக்கும் சேறு.

"சுடலைப் பாதையில மதகுப் போக்கு உடைஞ்சிட்டுது. குளம் வான் பாயுது. இஞ்சயிருந்து சுடலை மட்டும் ஒரே வெள்ளக்காடு. ஒரு வரம்பு கண்ணுக்குத் தெரியேல்லை."

நெடுவிளாத்திக் குளத்துக்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஊர் மேட்டில் இருக்கிறது. சுடலையும் விசுவமடுவுக்குப் போகிற தெருவும் எதிர் மேட்டில் இருக்கின்றன. நடுவில் வயல். குளம் நிரம்பி வான் பாய்ந்தால் வயல் கடலாகிவிடும். அந்தக் கடலுக்கு நடுவே போன ஒற்றைப் பாதைதான் இப்போது அறுந்திருந்தது.

ஐயர் வானத்தைப் பார்த்தார். மழை விட்டிருந்தாலும் வெளிச்சம் அதிகம் மிச்சமில்லை. பெட்டியை இன்னொரு நாள் வைத்திருக்க முடியாது. பழுதாகாமல் மருந்து ஏற்றக் கொண்டுபோகவும் வழியில்லாமல் ஏற்கெனவே ஒரு நாள் அதிகமாகக் கிடந்துவிட்டார்.

கனகலிங்கம் தொண்டையைச் செருமினார். "நான் சொல்லுறன் எண்டு குறை நினையாதேங்கோ. கிணத்தடிக்கு அங்கால நிலம் மேடு. இப்போதைக்குத் தாட்டுவிடுவம். வெள்ளம் வத்தினாப்போல எடுத்து முறைப்படி எரிக்கலாம்."

மகன் சுகிர்தன் தலையாட்டினான். வவுனியாவில் வங்கி வேலை பார்க்கிறவன். முடிகிற காரியத்துக்கு உடனே தலையாட்டிப் பழகியவன்.

"மாமியையும் அப்பிடிச் சொல்லித்தான் தாட்டனாங்கள்," என்றாள் விமலேஸ்வரி.

அங்கே நின்ற முக்கால்வாசிப் பேருக்கு அந்தக் கதை தெரியும். பாதிப் பேருக்கு அதே கதை சொந்தமாகவும் இருந்தது. கடைசிச் சண்டையின் மாதங்களில், கடற்கரை மணலில், செல் விழுகிற இடைவெளிக்குள் கையாலும் சட்டியாலும் கிண்டி, அப்புத்துரையின் தாயைத் தறப்பாளில் சுற்றி வைத்துவிட்டு ஓடினார்கள். பிறகு வந்து எடுப்போம் என்று ஒரு பனையை அடையாளம் வைத்தார்கள். திரும்பப் போக விட்ட காலத்தில் அப்புத்துரை மண்வெட்டியோடு போய்ப் பகல் முழுக்க அலைந்தார். பனையும் இல்லை, மேடும் இல்லை. வீட்டுக்கு வந்து மண்வெட்டியைக் கழுவிச் சாத்திவிட்டு, "இந்த வீட்டில இனி ஒருத்தரையும் அவசரத்தில மண்ணுக்குள்ள வைக்கிறேல்லை. நான் செத்தா, நெருப்பு. சாம்பலைக் கையில அள்ளிப் பாக்கவேணும்," என்றார். அன்று அவர் சோறு தின்னவில்லை.

"அவரை மண்ணுக்குள்ள வைக்க நான் விடமாட்டன்," என்றாள் விமலேஸ்வரி.

கனகலிங்கம் கெட்ட மனிதர் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். குளத்தில் மீன் பிடிக்க அவரிடம் ஒரு ஃபைபர் படகு இருந்தது. பின்னால் புது எஞ்சின். "சரி, முதல் விறகை ஏத்தி ஓட்டிப் பாப்பம். அது போனா அண்ணையும் போவார்," என்று சொல்லிவிட்டு ஆட்களோடு இறங்கினார்.

படகு சீறிக்கொண்டு புறப்பட்டது. ஒரு வயல் தூரம் போயிருக்கும். பிறகு எஞ்சின் கழுத்தை நெரித்த ஆடு மாதிரிக் கத்தி நின்றது. தண்ணீருக்குக் கீழே முழங்கால் உயரத்துக்கு நெல். அதற்கு மேலே குளத்திலிருந்து வந்த சல்வீனியாப் பாசியும் தாமரைக் கொடியும். எல்லாமாகச் சேர்ந்து எஞ்சினின் காற்றாடியைக் கயிறு போலச் சுற்றிவிட்டன. கனகலிங்கம் கொடியை வெட்டி எடுத்தார். திரும்பப் பிடித்தது. வெட்டினார். பிடித்தது. கடைசியில் விறகோடு படகைத் தள்ளிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்துவந்தார்.

"எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்," என்றார். முகம் வாடியிருந்தது.

விமலேஸ்வரி வீட்டுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். மருதமரத்தில் கட்டியிருந்த அப்புத்துரையின் கப்பலின் அடிக்கு வெள்ளம் வந்திருந்தது. ஆரும் தள்ளாமலே அது மிதந்து, கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது.

அந்தக் கப்பலின் கதை ஒரு கலண்டரில் தொடங்கியது. மீள்குடியேறிய புதிதில் கிணறு இறைக்கிற திட்டத்தோடு வந்த ஒரு அமெரிக்கக்காரர், போகும்போது அப்புத்துரைக்கு அதைக் கொடுத்தார். அவர் மிசிசிப்பி என்ற ஆற்றங்கரையில் பிறந்தவராம். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு நீராவிக் கப்பல்கள். இரண்டு மாடி, சுற்றிவர விறாந்தை, முன்னால் இரண்டு கறுப்புப் புகைபோக்கி, பின்னால் வீட்டுயரத்துக்கு ஒரு சில்லு. "என்னப்பா இது, வீட்டுக்குச் சில்லுப் பூட்டினமாதிரி," என்றாள் விமலேஸ்வரி. அப்புத்துரைக்கோ கண் எடுபடவில்லை.

வருசம் முடிந்தது, கலண்டர் இறங்கவில்லை. மாதம் பிறந்தால் தாளைப் புரட்டுவார். டிசம்பர் முடிந்தால் திரும்பவும் ஜனவரி. அந்தக் கலண்டரை நம்பி விமலேஸ்வரி ஒருமுறை வெள்ளிக்கிழமை விரதத்தை வியாழக்கிழமை பிடித்தாள். அடுத்த நாள் மீன் குழம்பைத் தின்று முடித்த பிறகுதான் கோயில் மணி கேட்டது. அதற்கு அவள் ஏசிய ஏச்சு ஊர்முழுக்கப் பிரசித்தம்.

பிறகு போன் வந்தது. அப்புத்துரை அந்த ஆற்றைப் போனுக்குள் தேடிப் பிடித்தார். ரயில் வருவதற்கு முந்தி அந்தப் பக்கத்துச் சனம் பயணம் போனதெல்லாம் இந்தக் கப்பல்களில்தான். கலியாணக்காரர், சூதாடிகள், பிள்ளைத்தாச்சிகள், எல்லாரும். ஆறு பெரிது, ஆனால் ஆழம் குறைவு. அடியெல்லாம் விழுந்த மரம், நாளுக்கொரு மணல்திட்டு. அதனால்தான் தட்டையான அடி, அதனால்தான் பின்னால் சில்லு. புல்லில் பனி விழுந்தாலே எங்கள் கப்பல் ஓடும் என்று அந்த ஆற்றுக்காரர் பெருமை அடிப்பார்களாம். துறைமுகம்கூட வேண்டாம், மூக்கைக் கரையில் முட்டினால் சனம் ஏறுமாம். கப்பலுக்குக் கப்பல் போட்டி போட்டு ஓடி, கொதிகலன் வெடித்து, ஆயிரக்கணக்கில் செத்தும் இருக்கிறார்கள். அதைப் பார்த்த அன்று அப்புத்துரை பக்கத்து வீட்டு இழவு மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார். ரயில் வந்து அந்தக் கப்பல்களை ஒழித்தது என்று அறிந்த நாளிலிருந்து ரயிலில் ஏறவும் மனமில்லை அவருக்கு.

பார்த்ததோடு விட்டிருக்கலாம். விடவில்லை. நீலப் பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, வயல் உழுகிற பழைய லாண்ட்மாஸ்டர் எஞ்சினைத் தூக்கி வைத்தார். சேற்று உழவுக்குப் பூட்டுகிற இரும்புச் சில்லு இரண்டையும் பின்னால் பூட்டி, அதில் பலகைத் துண்டுகளை அறைந்தார். கூடமாட நின்றவர் மூக்கன். தகப்பன் காலத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வந்து இங்கே காடு வெட்டிய குடும்பம். லாண்ட்மாஸ்டர் திருத்துவதில் அவருக்கு மிஞ்சின ஆள் இல்லை.

பொங்கலன்று ஊரே குளக்கட்டில் கூடிநிற்க, கப்பல் இறங்கியது. இறங்கி, வட்டம் போட்டது. இன்னொரு வட்டம் போட்டது. நாற்பது வருசமாக லாண்ட்மாஸ்டர் பிடித்த கை. வரம்பு வந்தால் ஒரு பக்கக் கிளச்சை அமத்தி, அந்தப் பக்கத்துச் சில்லை நிறுத்தித் திருப்பிப் பழகிய கை. தண்ணீரில் வரம்பில்லை என்பது தலைக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. சுற்றிச் சுற்றி வந்தார் மனிதர்.

"அப்புத்துரையண்ணை குளத்தை உழுது முடிச்சிட்டார்! எப்ப விதைக்கிறது?" என்று கட்டிலிருந்து கத்தியவர் வேறு யார், கனகலிங்கம்தான். அந்தச் சிரிப்பு அடுத்த பொங்கல் வரை நின்றது.

ஆனால் அதற்குப் பிறகு நடந்தது ஊருக்குத் தெரியாது. விமலேஸ்வரிதான் பிழையைக் கண்டுபிடித்தாள். "உங்கட கை வயலில நிக்குது. நீங்கள் எஞ்சினை மட்டும் பாருங்கோ, திருப்புறதை வேறை ஆரும் திருப்பட்டும்," என்றாள். "ஆர் திருப்புறது?" என்றார். "உனக்குச் சைக்கிள் ஓடத் தெரியுந்தானே?" என்றும் அவரே சொன்னார். பழைய சைக்கிள் ஹாண்டிலை முன்னால் நட்டு, இரண்டு பக்கமும் கயிறு கட்டிப் பின்னால் சுக்கானோடு முடிந்தார். எஞ்சின் சத்தத்தில் குரல் கேட்காது என்று ஒரு தட்டத்தைத் தொங்கவிட்டார். ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் முன்னுக்கு, மூன்று தட்டினால் பின்னுக்கு. விடியப்புறங்களில், ஊர் எழும்ப முன்னம், இரண்டு பேரும் குளத்தைச் சுற்றி வந்தார்கள். அவள் முன்னால், அவர் பின்னால். அவளுக்கு அது சொல்லமுடியாத சந்தோசம். அதை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் மனிதர் அடுத்ததாக மாடி கட்டத் தொடங்கியிருப்பார்.

வாற பொங்கலுக்குக் காட்டுவம், வாற பொங்கலுக்குக் காட்டுவம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், இந்தக் கார்த்திகை மழைக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தினார். எழும்பவில்லை.

"அவற்ற கப்பலை எடுங்கோ," என்றாள் விமலேஸ்வரி.

"அம்மா, விசர்க்கதை கதையாதேங்கோ," என்றான் சுகிர்தன். "அப்பாவைக் கொண்டுபோய் வெள்ளத்துக்க சுத்தவோ? பாக்கிற சனம் சிரிக்கும்."

மூக்கன் முன்னால் வந்தார். காலையிலிருந்து ஒரு மூலையில் அழுதுகொண்டு நின்ற மனிதர். "தம்பி, அது இப்ப சுத்தாது. நேரா ஓடும். எஞ்சினை நான் பாத்துக்கிறேன்," என்றார். கொஞ்சம் தயங்கினார். "ஆனா சுக்கான் அக்காவுக்குத்தான் தெரியும். வேற ஒருத்தருக்கும் தெரியாது."

எல்லாக் கண்ணும் விமலேஸ்வரியின் மேல் விழுந்தன. பெட்டி படலையைத் தாண்டும்போது பெண்கள் படலையோடு நின்றுவிடவேண்டும். அதுதான் வழக்கம். அதுவும் தாலி கழற்றிய ஈரம் காயாதவள்.

"பொம்பிளையள் சுடலைக்குப் போற வழக்கம் எங்களிட்ட இல்லை," என்றார் கனகலிங்கம், மெல்ல.

"நான் சுடலைக்குப் போகேல்லை. கப்பல் ஓடப்போறன்."

கனகலிங்கம் ஐயரைப் பார்த்தார். ஐயர் வெள்ளத்தைப் பார்த்தார். நனைந்த வேட்டியோடு இரவு தங்க அவருக்கும் விருப்பமில்லைப் போலும். "சுடலைக்குத்தான் பெண்கள் வரப்படாது எண்டு இருக்கு. தண்ணிக்கு என்ன விதி எண்டு நான் படிக்கேல்லை," என்றார். "வாய்க்கரிசியைப் போட்டுட்டு வாங்கோ, பிள்ளை."

விமலேஸ்வரி அரிசியைப் போட்டாள். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு பின்பக்கம் நடந்தாள்.

பெட்டியைக் கப்பலின் நடுவில் இருத்திக் கயிறு போட்டார்கள். பக்கத்தில் சுகிர்தன், கொள்ளிச் சட்டியோடு. பிறகு ஐயர், பெட்டி தூக்க நாலு பேர். விறகோடு பறைமேளக்காரர் கனகலிங்கத்தின் ஃபைபர் படகில் ஏறினார்கள். புது எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு அந்தப் படகைக் கப்பலுக்குப் பின்னால் கயிற்றில் கட்டினார் மூக்கன். கனகலிங்கமே அந்த முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

"நீங்கள் முன்னுக்கு வாங்கோ," என்று அவர் கையில் ஒரு நீளத் தடியைக் கொடுத்தாள் விமலேஸ்வரி. "தண்ணி அளந்து சொல்லுங்கோ. சத்தமாய்ச் சொல்லுங்கோ. உங்களுக்குச் சத்தம் குறையில்லைத்தானே."

இரண்டு தட்டுத் தட்டினாள். லாண்ட்மாஸ்டர் இருமி, உறுமி, பிடித்தது. இரும்புச் சில்லு சேற்றையும் தண்ணீரையும் சேர்த்து அள்ளி எறிந்தது. கப்பல் நகர்ந்தது.

"முழங்கால்!" என்று கத்தினார் கனகலிங்கம். "முழங்கால்! துடை! முழங்கால்!"

எஞ்சின் படகு மாட்டிய இடம் வந்தது. கொடிகள் சில்லில் சுற்றப் பார்த்தன. சில்லு அவற்றைச் சேற்றுக்குள் மிதித்துவிட்டு மேலே வந்தது. உழவுக்குப் பிறந்த சில்லு அது, புல்லுக்குப் பயப்படுமா? மேட்டில் நின்ற சனத்திடமிருந்து ஒரு சத்தம் வந்தது. ஒப்பாரி இல்லை. ஆரோ விசில் அடித்தார்கள். விமலேஸ்வரி திரும்பிப் பார்க்கவில்லை.

"இடுப்பு! நெஞ்சு! அக்கா, தடி நிலத்தில முட்டேல்லை!"

போக்கு உடைந்த இடம். குளத்துத் தண்ணீர் முழுவதும் அந்த வாய்க்குள்ளால் பாய்ந்துகொண்டிருந்தது. கப்பலின் மூக்கை அது பிடித்துக் கீழ்ப்பக்கம் இழுத்தது. பெட்டி கயிற்றோடு முனகியது. சுகிர்தன் அதைக் கட்டிப் பிடித்தான். விமலேஸ்வரி ஹாண்டிலை மேல்பக்கம் முறித்தாள். மூக்கு திரும்பவில்லை. மாறாக, கப்பல் மெதுவாக வட்டம் எடுக்கத் தொடங்கியது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தாள். மூக்கன் பயத்தில் இரண்டு கையாலும் லாண்ட்மாஸ்டரைப் பிடித்திருந்தார். ஒரு கை கிளச்சை அமத்திக்கொண்டிருந்தது. வயலில் நிற்கிற கை.

"மூக்கன், கையை எடும்! கிளச்சை விடும்! ஒண்டையும் தொடாதேயும்!"

மூக்கன் நெருப்பைத் தொட்டவர் போலக் கைகளைத் தலைக்கு மேல் தூக்கினார். சில்லு இரண்டும் ஒன்றாகச் சுற்றின. விமலேஸ்வரி கால்களைப் பலகையில் ஊன்றி, எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிக்கிறவளைப் போல முன்னால் சாய்ந்து ஹாண்டிலை இழுத்துப் பிடித்தாள். கப்பல் நடுங்கியது. நின்றது போல இருந்தது. பிறகு ஒரு முழம் ஏறியது. இன்னொரு முழம்.

"நெஞ்சு!" என்று அலறினார் கனகலிங்கம். அவர் குரல் உடைந்திருந்தது. "இடுப்பு, அக்கா! இடுப்பு! முழங்கால்! முழங்கால்!"

பின்னால் படகிலிருந்த பறைமேளக்காரருக்கு அதுவரை மூச்சு விடவே பயம். இப்போது ஆரும் சொல்லாமலே அடிக்கத் தொடங்கினார்கள். அது சாமேளம்தான், ஆனால் தேர் இழுக்கிற வேகத்தில் அடித்தார்கள். ஐயர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். தடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக, சிறுபிள்ளை போல் சிரித்தார் கனகலிங்கம்.

"அண்ணை நேராத்தான் போறார்," என்றார், ஒருவரையும் பார்க்காமல். "நேராத்தான் போறார்."

விமலேஸ்வரி ஒரு தட்டுத் தட்டினாள். கப்பல் வழுக்கிக்கொண்டு போய்ச் சுடலைக் கரையில் மெதுவாக மூக்கை முட்டியது.

ஆண்கள் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். கரையில் காலை வைத்த சுகிர்தன் நின்று திரும்பினான். அவன் முகம் சிறுவயது முகமாகியிருந்தது.

"அம்மா, நீங்களும் வாங்கோ. ஆர் என்ன சொன்னாலும் பரவாயில்லை."

அவளுக்குப் போக ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீர் கப்பலின் பின்பக்கத்தை இழுத்துக்கொண்டிருந்தது. ஹாண்டிலை விட்டால் எல்லாம் போய்விடும்.

"நான் இறங்கினா இதை ஆர் பிடிக்கிறது? நீ போய் அப்பாவைப் பார்."

அவர்கள் மேடேறிப் போனார்கள். மூக்கன் மட்டும் எஞ்சினோடு நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் மரங்களுக்கு மேலே புகை எழும்பியது. ஈர விறகு, முதலில் வெள்ளையாகத் தயங்கி, பிறகு தடித்துக் கறுப்பாக நிமிர்ந்தது. விமலேஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டு அழுதாள். இரண்டு நாளாக வராத அழுகை. அதில் துக்கம் பாதிதான். மிச்சப் பாதிக்கு, இந்த மனிதரோடு வாழ்ந்தேன் என்ற திமிர் என்றுதான் பெயர் சொல்லவேண்டும்.

"அக்கா, இது அங்கால போகுமோ?"

கரையில் ஒரு கூட்டம் நின்றது. முந்தின நாள் விசுவமடுவுக்குப் போய், வெள்ளத்தால் வீடு திரும்ப முடியாமல், சுடலை மடத்துக்குள் ஒதுங்கியிருந்த சனம். மருந்துப் பையோடு ஒரு கிழவர், மா மூட்டையோடு இரண்டு பேர், சைக்கிளோடு ஒருவர், இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண். அந்தப் பெண்ணை விமலேஸ்வரிக்குத் தெரியாது. அடுத்த ஊருக்குப் புதிதாக வாழ வந்தவளாக இருக்கவேண்டும்.

விமலேஸ்வரி முகத்தைத் துடைத்தாள்.

"போகும். ஒராள் ஒராளாய் ஏறுங்கோ. மூட்டை நடுவில. சைக்கிளைப் படுக்கப் போடுங்கோ. ஐயா, நீங்கள் இப்பிடி இருங்கோ, ஆடாதேங்கோ."

பெட்டி இருந்த இடத்தில் மாமூட்டைகள் ஏறின. கிழவர் அதில் சாய்ந்துகொண்டார். பெண் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, பின்னாலிருந்த இரும்புச் சில்லையும் முன்னாலிருந்த சைக்கிள் ஹாண்டிலையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"ஆற்ற கப்பல் அக்கா இது?"

"எங்கட வீட்டுக்காரற்ற."

"அவர் வரேல்லையோ?"

"அவரை இப்பத்தான் இறக்கிப்போட்டு வாறன்," என்றாள் விமலேஸ்வரி. "காலை உள்ளுக்கு எடு பிள்ளை, தண்ணி தெறிக்கும்."

பெண் கால்களை இழுத்துச் சேலைக்குள் மடக்கி, பிள்ளையின் தலையைக் கையால் மூடிக்கொண்டாள்.